மேலும் விவரங்கள்

கைபேசிகள் வலைப்பக்கங்களின் துணைத்தலைப்புகளை மட்டுமே வாசித்துக் காட்டும் காலம் அது. ஒரு மருந்து கம்பெனியின் பக்கங்களுக்குத் தலைப்பு எழுதுவது நிறைமதியின் வேலை. தலைவலி மாத்திரையின் பக்கத்தில் ‘கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது’ என்ற தலைப்பைக் கேட்டதும் வாங்க வந்தவர்கள் ஓடிவிடுகிறார்கள் என்று மேலாளர் கடிந்துகொண்டார். அன்று காலை அவள் அந்த எச்சரிக்கையை ‘மேலும் விவரங்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே சாதாரண வரியாக மாற்றிவிட்டாள்.

சாயங்காலம் தங்கை அகல்யா அழைத்தாள். அவளுக்கு இது ஏழாவது மாதம்.

“தலைவலி தாங்கலக்கா. உங்க கம்பெனி மாத்திரைதான் மத்தியானம் போட்டேன். போன் எல்லாத் தலைப்பையும் படிச்சுது, பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல.”

“மேலும் விவரங்கள்ல என்ன இருக்குன்னு பாத்தியாடி?”

“அதையெல்லாம் யாருக்கா திறந்து பாக்குறா?”

நிறைமதி அவசரமாகச் செருப்பைத் தேடினாள்.

“காலையிலேர்ந்து குழந்த உதைச்சுக்கிட்டே இருந்துச்சுக்கா. இப்பதான் அடங்கியிருக்கு,” என்றாள் அகல்யா, நிம்மதியாக.