பூரண குணம் பெற்றவர்

பெருங்குடல் அழற்சியிலிருந்து பூரண குணம் பெற்றதற்காக, ஞானசிகாமணிக்குப் பாராட்டு விழா எடுத்தது காப்பீட்டு நிறுவனம். குணமானவருக்கு ஊசி எதற்கு என்று, அதுவரை தன் செலவில் போட்டுவந்த ஊசியை மூன்று மாதத்துக்கு முன்பே நிறுத்தியும் விட்டது.

நான்காவது பேச்சாளர் அவருடைய குடலை மாநிலத்துக்கே முன்மாதிரி என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது, அந்தக் குடல் முறுக்கியது.

மண்டபத்துக் கழிப்பறை கைரேகை வைத்தால்தான் திறக்கும். உள்ளே இருக்கும் கருவி மலத்தில் ரத்தத்தைக் கண்டால், ரேகைக்குரியவர் பேரில் நிறுவனத்துக்குத் தகவல் போய்விடும். தகவல் போனால், ஊசி இவருக்குப் பலிக்கவில்லை என்று ஆயுசுக்கும் மறுத்துவிடுவார்கள். போகாவிட்டால் அவர் குணமானவர்; அப்போதும் ஊசி கிடையாது.

அவர் மேடையிலிருந்து இறங்கி ஓடினார். பின்னாலேயே ஓடிவந்த மனைவி கற்பகவல்லி கதவில் தன் கட்டைவிரலை அழுத்தினாள்.

"என் ரேகையில போங்க. வியாதி என் பேர்ல விழட்டும். ஊசி வந்தா நீங்க போட்டுக்கலாம்."

சற்று நேரம் கழித்து உள்ளிருந்து முனகல் கேட்டது. "புது நோயாளிக்கு முதல் ரெண்டு வருஷம் வெறும் மாத்திரைதான்டி குடுப்பான். அது கேக்காட்டிதான் ஊசி."

"அப்ப ரெண்டு வருஷத்துக்கு நல்லா இருக்கிற மாதிரி நடிங்க. மொகத்தக் கழுவிட்டு வாங்க," என்றாள் அவள். "ஏற்புரைக்குக் கூப்பிடுறாங்க."