சும்மா இருக்கும் இடது கை

“அந்த இடது கை எதுக்கு இருக்கு? அழகுக்கா?”

மானிட்டரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள் டாக்டரம்மா. பக்கத்தில் நேரம் குறித்துக்கொண்டிருந்த நர்ஸ் தலையைத் தூக்கவில்லை. காலையிலிருந்து எத்தனையோ கைகளுக்கு விழுந்த திட்டைக் கேட்டு அவளுக்குக் காது மரத்துப் போயிருந்தது.

பரீட்சை இதுதான். தடுப்புச் சீலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெட்டி. அதன் மூடியில் இரண்டு துளைகள். துளை வழியாக நீளமான இடுக்கிகளை விட்டு, உள்ளே இருக்கும் கேமரா காட்டுவதைப் பார்த்தபடியே, ஒரு ரப்பர் துண்டில் தையல் போட்டு முடிச்சிட வேண்டும். வயிற்றைக் கிழிக்காமல் துளை போட்டு ஆபரேஷன் செய்கிற சர்ஜன்களுக்கான பரீட்சை. சின்ன டாக்டர்களுக்கு மட்டும் என்றிருந்ததை, இந்த வருஷத்திலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை என்று, சர்ஜன்களுக்கெல்லாம் தலைவரான சீஃப் மாற்றியிருந்தார். சீலைக்குப் பின்னால் நிற்பது யாரென்று மார்க் போடுகிறவருக்குத் தெரியக் கூடாது. பெயர் கிடையாது, பேச்சு கிடையாது. மானிட்டரில் இடுக்கியின் நுனி மட்டும் தெரியும்.

டாக்டரம்மா வேறு ஊரில் படித்து, வேறு ஊரில் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே வந்தவள். இங்குள்ள யாருடனும் அவ்வளவாகப் பழக்கமில்லை என்பதாலேயே இந்த வேலையை அவள் தலையில் கட்டினார்கள். என் வீட்டுக்காரரும் பரீட்சை எழுதுகிறாரே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். பின்னே சீலை எதற்கு என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்கள்.

அந்த வீட்டுக்காரன் ஏற்கெனவே இரண்டு முறை தவறியவன். இன்றும் தவறினால் ஆபரேஷன் தியேட்டர் பக்கமே போக முடியாது. புறநோயாளிப் பிரிவில் உட்கார்ந்து மருந்துச்சீட்டு எழுத வேண்டியதுதான். அதனால் சாப்பாட்டு மேஜையில் அதே மாதிரி ஒரு பெட்டியை வைத்து, இத்தனை நாளும் அவன் உயிரை எடுத்திருந்தாள். வலது கை ஓடி ஓடி உழைக்கும். இடது கை மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும். போதாக்குறைக்கு, முடிச்சை இறுக்குவதற்கு முன் ஊசியை இடுக்கியால் இரண்டு தட்டுத் தட்டுவான். எதற்கு இந்தத் தட்டு என்று கேட்டால், பழகிப்போச்சு என்பான். இனிமேல் தட்டினால் பெட்டியைத் தூக்கித் தெருவில் எறிவேன் என்று நேற்றுகூடச் சொல்லியிருந்தாள்.

இப்போது மானிட்டரில் வலது இடுக்கி தனியாக நூலோடு மல்லுக்கட்டியது. இடது இடுக்கி ஓரமாகத் தூங்கியது. ஒருவழியாக முடிச்சு விழுந்தது. இறுக்குவதற்கு முன் ஊசியில் இரண்டு தட்டு.

டக். டக்.

அவனேதான். இவ்வளவு சொல்லியும் கேட்காத மனுஷன்! தேறிவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நர்ஸுக்குக்கூடத் தெரியப்போவதில்லை. ஆனால் நாளைக்கு இந்தக் கை யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் போகும். அவள் மைக்கை இழுத்தாள்.

“தேறலை. இடது கை தூங்குது. தட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? வீட்டுக்குப் போய்த் துணி மடிங்க. ரெண்டு கையாலயும் மடிங்க. அது ஒழுங்கா வந்ததுக்கப்புறம் இடுக்கியைத் தொட்டாப் போதும்.”

நர்ஸ் இப்போது தலையைத் தூக்கினாள். சீலைக்கு அந்தப் பக்கம் இடுக்கிகளை மெதுவாக வைக்கும் சத்தமும், தயங்கித் தயங்கி நடந்து போகும் செருப்புச் சத்தமும் கேட்டன.

அடுத்து வந்தவரின் கைகளைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இடது கை நூலைப் பிடித்துக் கொடுக்க, வலது கை வாங்கிச் சுற்ற, ஒரு தட்டும் இல்லாமல் முடிச்சு சுத்தமாக விழுந்தது. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“தேறிட்டீங்க,” என்றாள் பெருமூச்சோடு. “இந்தக் கையை எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்ச நாள் கடன் குடுங்களேன்.”

சீலைக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டு இருமினார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை. என்ன சொல்லித் தேற்றுவது, அவன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தாள். கணவன் அடுப்படியில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான்.

“மன்னிச்சிருங்க,” என்றாள். “எனக்கு வேற வழி தெரியலை.”

“எதுக்கு மன்னிப்பு? என் கையை எனக்கே கடன் கேட்டதுக்கா?”

அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷத்தில் அவனைக் கட்டிக்கொள்வதா, இருமியது இவன்தானா என்று ஒரு அடி வைப்பதா என்று புரியவில்லை. அப்புறம்தான் அது உறைத்தது.

“அப்போ இடுக்கியால ரெண்டு தட்டுத் தட்டினது யாரு?”

“ஊசியைத் தட்டுறதா? எங்க ஆஸ்பத்திரியில அப்படித் தட்டுறது ரெண்டே பேருதான். நானும், எனக்குச் சொல்லிக்குடுத்த சீஃபும். நான்தான் உன் திட்டுக்குப் பயந்து விட்டுட்டேனே.” கணவன் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். “பாவம், அவருக்குத்தான் இன்னைக்கு என்னமோ ஆயிடுச்சு. சாயங்காலம் ரவுண்ட்ஸுக்கே வரலை. போன் பண்ணினா அவர் வீட்டம்மா எடுக்கிறாங்க. சார் உட்கார்ந்து துணி மடிச்சிட்டிருக்காராம், யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதாம்.”