யாருக்கு அளக்க?

மிக்ஸிக்குத் தனி பிளக், சிங்க் பக்கத்தில் பாத்திரம் கழுவும் மெஷின் என்று புது சமையலறைக்கு எல்லாம் பத்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. மேடையின் உயரத்தில்தான் இழுபறி.

“சமைக்கிறவங்க முழங்கைக்கு நாலு விரல் கீழ மேடை வரணும். யாருக்கு அளக்க?” என்றார் தச்சர்.

“மருமகளுக்கே அளங்க. நான் பலகை போட்டு நின்னுக்கறேன்” என்றாள் குள்ளமான மாமியார்.

“வேண்டாம் அத்தை, உங்களுக்குத் தோள்வலி. உங்க உயரத்துக்கே இருக்கட்டும். நான் குனிஞ்சுக்கறேன்” என்றாள் நெட்டையான மருமகள்.

தச்சர் நெகிழ்ந்துபோனார். “இப்படி விட்டுக்கொடுக்கிற மாமியார் மருமகளை நான் பார்த்ததே இல்லம்மா.”

“நீங்க வேற” என்று சிரித்தாள் மாமியார். “ யாருக்கு அளக்கறீங்களோ, அவ தலையிலதான் சமையல் விடியும். என் மாமியார் ஆசையா எனக்கு அளந்தாங்க. முப்பது வருஷம் அந்த மேடையை விட்டு நகர முடியல.”

மருமகள் குட்டு உடைந்தவள்போல் தரையைப் பார்த்தாள்.

கூடத்தில் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து அவள் கணவன் சலித்துக்கொண்டான். “யார் அளவா இருந்தா என்ன? சீக்கிரம் முடிங்க.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் டேப்போடு தச்சரைக் கூடத்துக்கு அழைத்துப் போனாள்.

மருமகள் செய்தித்தாளை மெல்ல வாங்கி மடித்து வைத்தாள்.

“கொஞ்சம் எழுந்து நில்லுங்க. கையை மடக்குங்க.”