முள்ளை விதைத்தது யார்?

குட்டியைப் பறிகொடுத்த மறுநாள், அந்த ஆண் மான் பித்துப் பிடித்ததுபோல் புல்வெளியெங்கும் அலைந்தது. சீமைக்கருவேலப் புதரில் பதுங்கியிருந்த நாய்கள்தான் குட்டியை அடித்துப் போட்டிருந்தன. முன்பெல்லாம் நாய் வந்தால் வெகு தூரத்திலேயே தெரிந்துவிடும். இப்போது திரும்பிய பக்கமெல்லாம் முள்.

"இதை விதைச்சவன் மட்டும் கையில கிடைச்சான், கொம்பாலயே குத்திக் கிழிச்சிடுவேன்!" என்று கத்தியது.

வெட்டவெளித் தரையில் முட்டையிடும் ஆட்காட்டிக் குருவிக்கும் முள்ளால் இடம் போயிருந்தது. "ஆள் யாருன்னு எனக்குத் தெரியும். வாங்கண்ணே" என்று முன்னே நடந்தது.

அது போய் நின்ற இடம், தன் எல்லையைக் காட்ட மான் தினமும் புழுக்கை போடும் மேடு. அதன்மேல் சீமைக்கருவேலங்கன்றுகள் பச்சைப்பசேலென்று முளைத்திருந்தன.

"என் எல்லைக்குள்ளயே வந்து விதைச்சிருக்கானா? என்ன திமிர்!"

குருவி ஒரு புழுக்கையை அலகால் கொத்தி உடைத்தது. உள்ளே ஒரு விதை பளபளத்தது.

"காலையில என்னண்ணே சாப்பிட்டீங்க?"

"கருவேலங்காய்தான். கோடையில வேற என்ன இருக்கு? தேனா இனிக்குமே..."

மான் பாதியில் நிறுத்திவிட்டது. விதையைப் பார்த்தது. குட்டி விழுந்த புதரை ஏறிட்டுப் பார்த்தது.

அதற்குள் மான் மந்தை முழுவதும் காய் பொறுக்கப் புதர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. "தின்னாதீங்க!" என்று கத்துவதற்காக மான் வாயைத் திறந்தது. குரல் எழவில்லை, காயின் வாசம்தான் வந்தது.