வந்த நோக்கம்

“வந்த நோக்கம்?” என்று கேட்டது நகர நூலகத்தின் கதவு.

“சும்மாதான் வந்தேன்,” என்றார் ஓட்டுநர் சூசை. பேருந்துகள் தாமாகவே ஓடத் தொடங்கி வேலை போன பிறகும், அதை வீட்டில் சொல்லாமல் தினமும் காக்கிச் சட்டையோடு கிளம்பிவிடுகிறவர்.

கதவு அசையவில்லை. நோக்கமில்லாதவர்களுக்கு அங்கே இடமில்லை.

நூலகர் கோமளா கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “அண்ணே, பரீட்சைக்குப் படிக்க வந்தேன்னு சொல்லுங்க!” என்றாள்.

சொன்னார். திறந்தது. மாலைவரை மின்விசிறிக்கு அடியில் பழைய வார இதழ் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வரும்போது கதவு சொன்னது: “படிப்பில் முன்னேற்றமில்லை. குடும்பத்தாருக்குத் தெரிவித்துவிட்டோம்.”

உடனே மனைவி அழைத்தாள். “ஏங்க, டூட்டிக்குப் போகாம லைப்ரரியில என்ன பண்றீங்க?”

“சும்மா இருக்கேன், ராணி,” என்றார் சூசை. “ரொம்ப நாளா.”