ஏக்கம் போக்கும் ஊசி

நோன்புக் கஞ்சியைப் போனில் காட்டினாலே வாப்பா அழுவார். வளைகுடா வேலையைப் பாதியில் விட்டுவந்துவிடுவாரோ என்று பயந்த உம்மா, ஊர் ஏக்கத்தைப் போக்கும் ஊசியை அவருக்குப் போடக் கம்பெனிக்குச் சம்மதம் கொடுத்துவிட்டார்.

இந்தப் பெருநாளன்று வாப்பா கூப்பிட்டார். முகத்தில் சதை போட்டிருந்தது.

"நல்லா தூங்குறீங்களா?" என்று உம்மா கேட்டார்.

"ம். சாப்பாடும் நல்லா இறங்குது."

உம்மா சிரித்தார். "கஞ்சிக்கு அழுத மனுசனா இது?"

"ரெண்டு மாசம் லீவு குடுத்திருக்காங்க, சபுரா. ஊருக்கு வரணுமா?"

சிரிப்பு மாறாமலே உம்மா என்னை இழுத்துப் போனுக்கு நேரே நிறுத்தினார். "இவளைப் பாருங்க, எம்புட்டு வளந்துட்டா."

வாப்பா பொறுமையாகப் பார்த்தார்.

"ஆமா" என்றார். "வரணும்னா சொல்லு, வர்றேன்."

உம்மா என்னைப் போனுக்கு இன்னும் நெருக்கமாகத் தள்ளினார்.