கீறலுக்கு அடியில் இருந்த வரி

சிடி ப்ளேயரின் தட்டு உள்ளே போனது. சிடி சுற்றியது. நின்றது.

சின்னத் திரையில் அதே எழுத்து. நோ டிஸ்க்.

சிடியே இல்லையாம். வாங்கி விழுங்கிவிட்டு, இலையில் எதுவுமே வைக்கவில்லை என்று சாதிக்கிற விருந்தாளி மாதிரி.

அவர் தட்டைத் திறந்தார். சிடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். வைத்தார். தள்ளினார்.

நோ டிஸ்க்.

கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி கோமளவல்லி அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு அவள் வாயிலிருந்து வருவது அந்த சிடியில் இருக்கும் ஒரு பாட்டுதான். 'தண்ணி' வராது. மகள் பெயர் வராது. அந்த சிடி பாடினால் மட்டும் கூடவே பாடுவாள், ஒரு சொல் பிசகாமல். பேச்சு நின்றவர்களுக்கும் பாட்டு வரும், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அவர் விடவில்லை. பெட்டிதான் விட்டுவிட்டது.

காலையில் மகள் இந்துமதி போனில் கேட்டாள். "புது சிடி ப்ளேயர் வாங்கி அனுப்பட்டுமாப்பா? இல்ல, கம்ப்யூட்டர்லயே கேட்டுக்கறீங்களா? இன்டர்நெட்ல எல்லாப் பாட்டும் இருக்கு."

சாயங்காலம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

எல்லாப் பாட்டும் யாருக்கு வேண்டும்? அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதுவும் இந்தப் பெட்டி பாடுகிற மாதிரியே வேண்டும்.

ஆனால் புதுப் பெட்டி வந்து சேரும்வரை இவள் வாய் மூடிக் கிடந்தால்? இருக்கிற பாட்டும் போய்விட்டால்?



வேறு வழியில்லாமல் கம்ப்யூட்டரைத் திறந்தார். மகள் சொல்லிக்கொடுத்தபடி பாட்டின் பெயரைத் தட்டினார். அட, இருந்தது. அழுத்தினார்.

பாட்டு வந்தது. கழுவித் துடைத்த மாதிரி சுத்தமாக வந்தது.

அவள் பாடவில்லை.

உதடுகூட அசையவில்லை. பார்வை மட்டும் பழைய பெட்டியின் மேலேயே இருந்தது.

மண்டையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு. அப்புறம்தான் உறைத்தது, அவளுக்குப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்று.

தட்டு.

பாட்டை நிறுத்தினார். செத்துப்போன பெட்டியின் தட்டைத் திறந்தார். சிடியைத் துடைத்தார். வைத்தார். தள்ளினார். உள்ளே 'சர்ர்' என்று சுற்றும் சத்தம் கேட்டதும், அவளுக்குத் தெரியாமல் கம்ப்யூட்டரை அழுத்தினார்.

கட்டியவளை ஏமாற்ற இந்த வயதில் இப்படி ஒரு வித்தை.

*கருமேகம் வாசல் வந்தாச்சு, காத்து ஜன்னலைத் தட்டியாச்சு...*

பாடினாள்!

கோணிய வாயோடு, கண் பளபளக்க, பாடினாள்.

*மண்ணு வாசம் ஏறியாச்சு* என்று அவள் தாவினாள்.

பாட்டு தாவவில்லை.

ஐயோ, கீறல்!

சிடி வாங்கி வந்த அன்றே, சின்னப் பிள்ளையாக இருந்த இந்துமதி அதைத் தரையில் தேய்த்துக் கார் ஓட்டினாள். அன்றிலிருந்து இரண்டாவது வரி முடிந்ததும் 'டக்'கென்று தாவிவிடும். வீடே அந்தத் தாவலோடுதான் பாடப் பழகியிருந்தது. பாட்டே அப்படித்தான் என்று ஆகிவிட்டது. நடுவில் ஏதோ ஒன்று இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது.

அவள் நிறுத்தினாள். முகம் வெளிறியது.

கெடுத்துவிட்டேன், இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று அவர் பதறி, பாட்டை நிறுத்தக் கையை நீட்டினார்.

அவளுடைய இடது கை அவர் மணிக்கட்டைப் பிடித்தது.

*கொடியிலே துணி காயுது, எடுக்க யாரும் போகலையே...*

இருவரும் கேட்டார்கள்.

இத்தனை வருஷம் இதே வீட்டில், இதே அலமாரியில், ஒரு கீறலுக்கு அடியில் இந்த வரி இருந்திருக்கிறது. தினமும் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

அவள் வாய் திறந்தபடி இருந்தது. புருவம் மெல்ல ஏறியது. அவரைக் கண்டிக்கும் முன் ஏறுகிற இந்தப் புருவத்தை அவருக்கு நன்றாகத் தெரியும்.

பாட்டு முடிந்தது.

"ஏங்க... துணி எடுக்கலையா?"



துணி பாட்டில் இருந்தது. எடுப்பதும் இருந்தது. 'ஏங்க' பாட்டில் இல்லை.

தாலி கட்டிய மறுநாளிலிருந்து, அவருக்கென்று அவள் வைத்திருந்த சொல் அது. பக்கவாதம் வந்த காலையில் காபி தம்ளரோடு அது தரையில் விழுந்தது. இனி காதில் விழாது என்று அவர் தேற்றிக்கொண்டிருந்த சொல்.



"மறந்துட்டேன் கோமளா. இதோ எடுக்கறேன்."

பால்கனிக்கு ஓடினார். கொடி வெறுமையாக இருந்தது. மத்தியானமே எல்லாவற்றையும் எடுத்து மடித்து வைத்துவிட்டிருந்தார்.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சட்டைப் பையில் போன் அடித்தது. இந்துமதி.

"என்னப்பா, எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?"

"ப்ளேயரும் அனுப்பு, கம்ப்யூட்டரும் இருக்கட்டும்மா. அப்புறம் பேசறேன். அம்மா துணி எடுக்கச் சொல்றா."

போனைப் பையில் போட்டார்.

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடியில் போட்டார்.

எடுத்தார். பொறுமையாக மடித்தார். உள்ளே போனார்.